பதினேழு பாகைச் சோதனை

பன்றி விந்தின் தரத்தை, விந்தை எடுக்கும் இடத்தில் அளப்பது வழக்கம். செலுத்தும் இடத்தில் அளப்பதே நியாயம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தினால், ஊவா மாகாணத்துக்கு எந்த இனப்பெருக்க முறை பொருந்தும் என்ற வழக்கு பாதி தீர்ந்துவிடும். இலங்கையின் பன்றி வளர்ப்பு பெரும்பாலும் கம்பஹா முதல் புத்தளம் வரையான மேற்குக் கரையோரத்தில் குவிந்திருக்கிறது. ஊவாவின் பதுளைத் தோட்டங்களிலும் மொனராகலைக் கிராமங்களிலும் அது சிறு முயற்சி. நல்ல இனம் அங்கே, தேவை இங்கே. இடைவெளியைக் கடக்க வழிகள் மூன்று: கடாப் பன்றியைக் கொண்டுவருவது, விந்தை ஐதாக்கித் திரவமாகக் கொண்டுவருவது, உறையவைத்துக் கொண்டுவருவது.

கடாவை நேரில் சேர்ப்பதன் பலம் எளிமை. தாய்ப்பன்றியின் வேட்கைக் காலத்தைக் கண்டறிவதில் எந்த மனிதரையும்விட அது தேர்ந்தது. நுணுக்குக்காட்டியும் வேண்டாம், குளிரூட்டியும் வேண்டாம். ஆனால் ஒரே கடா வட்டாரம் முழுவதையும் சுற்றினால், விரைவில் தன் மகள்களையே சேரும் நிலை வரும். வீடு மாறும் கடாவோடு நோயும் வீடு மாறும். 2024 இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் நுழைந்தபின், இந்த இரண்டாவது குறை ஒன்றே இம்முறையை ஒதுக்கிவைக்கப் போதும்.

திரவ விந்தின் பலம் எண்ணிக்கையில் தொடங்குகிறது. ஒரு கடா ஒரு முறையில் சுமார் 150 முதல் 300 மில்லிலீற்றர் வரை தரும். அதில் 3,000 கோடி முதல் 10,000 கோடி வரை விந்தணுக்கள் இருக்கும். ஒரு தடவை செலுத்த 80 மில்லிலீற்றரில் 250 முதல் 300 கோடி போதும். ஆகவே ஒரே சேகரிப்பு பத்து முதல் முப்பது அளவுகளாகும். காக்கும் கரைசலும் எளியது. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்திலிருந்து 1975இல் வெளிவந்த கரைசல், உறைந்த விந்தை உருக்கவே உருவானது. திரவ விந்தைக் காப்பதில்தான் நிலைத்தது. குளுக்கோசும் சில உப்புக்களும் சேர்ந்த அந்தக் கலவை மூன்று நாள் உழைக்கும். பின்வந்த நீண்டகாலக் கரைசல்கள் ஒரு வாரம் வரை தாங்கும்.

குறை, அதன் வெப்பநிலைப் பிடிவாதம். 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரை, குறிப்பாக 17 பாகை, என்பதே அதன் உலகம். பன்றி விந்தணுவின் மென்சவ்வில் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுதி, கொலஸ்திரோல் குறைவு. 15 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் சவ்வு குலைகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகையில் வைப்பவர் காப்பதாக நம்பி அழிக்கிறார். மாட்டில் பழகிய கை பன்றியில் தவறுவது இங்கேதான்.

திரவ விந்தின் சில நாள் ஆயுள் என்ற நேர நெருக்கடியை உறையவைத்தல் நீக்குகிறது. −196 பாகைத் திரவ நைதரசனில் காலம் நின்றுவிடுகிறது. குண்டசாலைச் செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம் மாட்டு விந்தில் இம்முறையை வேரூன்றச் செய்திருக்கிறது. ஆனால் மாட்டுக்கு ஒரு குழலில் ஏறத்தாழ இரண்டு கோடி விந்தணு போதும். பன்றிக்கு வேண்டியது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். உறைந்து உருகும்போது ஏறத்தாழ பாதி இறக்கிறது. எஞ்சியவை கருப்பைப் பாதையில் சில மணி நேரமே வாழ்கின்றன. சூல் வெளிப்படும் தருணத்தைத் துல்லியமாகப் பிடிக்காவிட்டால் ஈற்றின் குட்டிகள் குறையும். அரிய மரபைப் பேணும் வங்கிக்கு இது உயர்ந்த முறை. சிறு வளர்ப்பாளரின் தொழுவத்துக்கு அல்ல.

தரத்தை மதிப்பிடும் முறையும் திறனாய்வுக்கு உரியது. விந்தணுக்களில் 70 வீதமாவது ஓட வேண்டும் என்ற எல்லை பயனுள்ள சல்லடை, மோசமானதை விலக்கும். ஆனால் நல்லவற்றுள் சிறந்ததை அது தேராது. குறைகளில் இருவகை உண்டு. ஓடாத விந்தணு முட்டையை அடைவதே இல்லை. எண்ணிக்கையைக் கூட்டி அதை ஈடுசெய்யலாம். மரபணுப் பொருள் சிதைந்த விந்தணுவோ முட்டையை அடைந்து கருவைக் கெடுக்கும்; எவ்வளவு ஊற்றினாலும் ஈடாகாது. ஓட்டத்தை மட்டும் பார்க்கும் சான்றிதழ் முதல் குறையைச் சொல்கிறது, இரண்டாவதை மறைக்கிறது.

ஊவாவின் நிலம் இங்கே தானாகவே சாட்சி சொல்கிறது. விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஆறு வாரத்துக்கு மேலாகும். கச்சான் காற்று வீசும் ஆகஸ்டு மாத மொனராகலையில் கடா பட்ட சூடு, அந்தச் சூடு தணிந்தபின் ஒக்டோபரில் நுணுக்குக்காட்டியில் தெரியும். பன்றிக்கு வியர்த்துச் சூடு தணிக்கும் வல்லமை இல்லை. மாறாகப் பண்டாரவளையும் அப்புத்தளையும் ஆயிரம் மீற்றருக்கு மேலே உள்ளவை. அந்தக் குளிர்ச்சி கடாவுக்கு இசைவானது. ஆயினும் விந்துக்கு அது மட்டும் காப்பாகாது: மலையின் இரவு 15 பாகைக்குக் கீழே இறங்கும், மொனராகலையின் பகல் 30ஐக் கடக்கும். பசறை வழியாக இறங்கும் ஒரே விந்துப் பெட்டிக்கு மலையில் சூடும் அடிவாரத்தில் குளிரும் வேண்டும்.

என் தீர்ப்பு திரவ விந்தின் பக்கம், ஆனால் நிபந்தனையுடன். மேற்குக் கரையிலிருந்து நாடளாவப் பயணிக்கும் விந்தாக அது இங்கே தோற்கும். ஊவா மலையிலேயே ஒரு நிலையத்தில் கடாவை வைத்து, அன்றே ஐதாக்கி, மறுநாளுக்குள் செலுத்தப்படும் விந்தாகவே வெல்லும். நோயற்ற கடா இதன் அடித்தளம்: சுற்றும் கடா ஒரு வட்டாரத்தைக் கெடுக்கும், நோயுற்ற நிலையக் கடா மாகாணத்தையே கெடுக்கும். பெட்டியோடு வெப்பநிலைப் பதிவு செல்ல வேண்டும். வழியில் 15க்குக் கீழ் இறங்கிய அளவைக் கொட்டிவிடும் துணிவு செலுத்துபவருக்கு வேண்டும். இவற்றுக்கும் மேலாக, 114 நாள் கழித்துத் தாய்ப்பன்றி ஈன்ற குட்டிகளின் எண்ணிக்கை நிலையத்துக்குத் திரும்பி வந்து, அந்தக் கடாவின் பெயருக்கு எதிரே எழுதப்பட வேண்டும். அந்த ஏடு நிரம்பும்வரை நுணுக்குக்காட்டி சொல்வது மதிப்பீடு மட்டுமே. தரம் என்ற சொல்லுக்கு உரிமை பெறுவது அந்த ஏடு.