கரையேறிய சொல்

'நேவிகேட்' என்ற ஆங்கில வினைச்சொல்லை ஜெர்மன் பாஷையில் எப்படிச் சொல்வது? கப்பல் மட்டும் என்றால் தொல்லையில்லை. லத்தீனிலிருந்து வந்த 'நாவிகீரென்' அங்கேயும் இருக்கிறது. மார்க் ட்வெய்ன், 1859-ல் மிஸிஸிப்பி நதியில் பைலட் லைசென்ஸ் வாங்கியவர், 1883-ல் அந்த வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அவருடைய நீராவிக் கப்பல்கள் ஜெர்மனிலும் தரை தட்டாமல் போகும்.

சொல் கரையேறினால்தான் வம்பு. இரண்டு மேலதிகாரிகளுக்கு நடுவே ஒரு குமாஸ்தா 'நேவிகேட்' செய்தான் என்று எழுதிவிட்டு ஆங்கிலக் கதாசிரியன் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவான். மொழிபெயர்ப்பவனால் அப்படிப் போக முடியாது. 'ஷ்டாய்ர்ன்' என்றால் சுக்கான் குமாஸ்தாவின் கையில் இருக்கிறது. 'ட்ஸுரெஷ்ட்ஃபிண்டென்' என்றால், பாவம், தெரியாத இடத்தில் எப்படியோ வழி கண்டுகொண்டான். 'லவீரென்' என்று இன்னொன்று உண்டு. எதிர்காற்றில் பாய்க்கப்பலை வளைத்து வளைத்துச் செலுத்துவது அது. மாலுமிக்கு அது திறமை. மனிதர்களிடையே என்றால், எந்தப் பக்கமும் நிற்காமல் நழுவுகிறவன் என்ற ஏச்சும் கூடவே வரும்.

ஆக, கதாசிரியன் தீர்ப்புச் சொல்லாமல் விட்ட குமாஸ்தாவுக்கு மொழிபெயர்ப்பவன் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசாமல் 'நாவிகீரென்' என்றே போட்டுவிடலாமே என்பீர்கள். காரில் வழி சொல்லும் கருவிக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'நாவி'. குமாஸ்தாவின் மேல் யந்திர வாடை அடிக்கும்.

நானும் குமாஸ்தாவாக இருந்தவன்தான். 'லவீரென்' என்று எழுத எனக்குக் கை வராது.