நண்பகற் கருமை: தமிழ்க் குற்றப்படங்களுக்கு ஒரு பாலை அளவுகோல்

‘நுவார்’ என்னும் பிரெஞ்சுச் சொல் கருமை எனப் பொருள்படும். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் பாரிசு நகரத்தை அடைந்த அமெரிக்கக் குற்றப்படங்கள் சிலவற்றைக் கண்ட நினோ பிராங்க் என்னும் திறனாய்வாளர், 1946இல் அவற்றைக் கருமைப் படங்கள் எனக் குறித்தார். மழை நனைத்த இரவுத் தெரு, சாளரச் சட்டங்களின் நிழல்கோடுகள் விழும் முகம், பணத்தாலும் காமத்தாலும் வழுவிய தலைமகன், அவனை வழுவச் செய்யும் தலைமகள் ஆகியன அவற்றின் உறுப்புகள். பில்லி வைல்டர் இயக்கிய ‘டபிள் இன்டெம்னிட்டி’ (1944) அவ்வகைக்குத் தலையாய சான்று. பின்னர் 1970களில் வண்ணத்திலும் புதிய சூழலிலும் அம்மரபைப் புதுக்கி எடுத்த படங்களை ‘நியோ-நுவார்’, அஃதாவது புதுக் கருமைப் படங்கள் என வழங்கினர்.

இப் பெயர் இன்று தமிழ்ப் படங்கள் பலவற்றிற்கும் இடப்படுகின்றது. ‘ஆரண்ய காண்டம்’ முதலாக அவற்றை வரிசைப்படுத்துதலும் வழக்கமாகிவிட்டது. அவ் வரிசைகளிற் பெரும்பாலானவை அளவுகோல் கூறாதவை. கூறுவனவும் இரவு எத்துணை அழகாகப் படமாக்கப்பட்டுள்ளது, முடிச்சு எவ்வளவு திறமையாக அவிழ்கின்றது என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. இவை அயல்நாட்டுப் படங்களை வைத்து வகுத்த அளவைகள். அவற்றால் அளந்தால் தமிழ்ப் படம் எஞ்ஞான்றும் நல்லதொரு படியாகவே தோன்றும், மூலமாகத் தோன்றாது. தமிழில் இதற்கு அளவுகோல் உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. உண்டு என்பதும், அது பாலைத் திணையே என்பதும் எம் கருத்து.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் கூறினாரல்லர். அதனை நடுவுநிலைத் திணை என்றார். நண்பகலும் வேனிலும் அதற்குரிய பொழுதுகள் என்றார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் துயருறுத்தும் வடிவு கொள்வதே பாலை என இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்கினார். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். பாலை என்பது ஓரிடமன்று. ஓரிடத்திற்கு நேர்ந்த கேடு. கருமைப் படமும் அத்தகையதே. குற்றவாளிகளுக்கென்று தனி உலகம் ஒன்றிருப்பதாகக் காட்டுவது வெறும் அடிதடிப் படம். நாம் வாழும் தெருவே நீர் வற்றி அவ்வாறு ஆயிற்று எனக் காட்டுவது கருமைப் படம்.

ஈண்டு ஒரு தடை எழும். பாலை அகத்திணையன்றோ? அதன் உரிப்பொருள் பிரிவன்றோ? கொலையும் கொள்ளையும் அதில் எங்ஙனம் அடங்கும் என வினவலாம். இத் தடை நம் அளவுகோலை உடைப்பதற்கு மாறாகக் கூர்மையாக்குகின்றது. ஆறலைக்கும் கள்வர் பாலைக்குக் கருப்பொருளேயன்றி உரிப்பொருள் அல்லர். கள்வர் மட்டும் இருந்தால் அது பாலைப் பாட்டு ஆகாது. அவ்வழியே ஒருவன் செல்ல, அவனைப் பிரிந்து ஒருத்தி ஏங்குதல் வேண்டும். அதுபோலக் கத்தியும் துப்பாக்கியும் மிக்கிருத்தலால் ஒரு படம் கருமைப் படம் ஆகிவிடாது. யார் யாரை இழந்தார் என்பது நெஞ்சைச் சுடுதல் வேண்டும். எனவே நாம் கேட்கும் வினாக்கள் இரண்டு: வற்றுதற்கு முன் இருந்த நிலத்தைப் படம் நமக்குக் காட்டுகின்றதா? பிரிவு அதன் உரிப்பொருளாக உள்ளதா?

பொழுதைப் பற்றியும் ஒரு சொல். மேலைநாட்டுக் கருமைக்கு இரவு இயல்பாக அமைந்தது. நம் நாட்டில் அஞ்சத்தக்க பொழுது உச்சிவேளையே. சாத்தூர், சிவகாசி வட்டாரத்தார்க்கு இது நூலறிவன்று. வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகக் கிடக்கும் இக் கரிசற் பூமியில், உழவைக் கைவிடச் செய்த வெயிலே தீப்பெட்டியையும் பட்டாசையும் உலர்த்தித் தரும் முதலாகவும் ஆயிற்று. வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) விருதுநகரைக் களனாகக் கொண்டது. பள்ளிக்குச் செல்லாது படம் பார்த்த மகனைத் தந்தை சுடுவெயிலில் நிறுத்தித் தண்டிக்கும் காட்சியிலிருந்தே அக் குடும்பத்தின் கேடு தொடங்குகின்றது. அது குற்றப்படம் அன்று. ஆதலின் நம் வரிசையில் இடம்பெறாது. எனினும் பகல் வெளிச்சம் எத்துணைக் கருமையுடையது என்பதை அதனினும் நன்கு காட்டிய படம் அரிது. மேலைநாட்டாரும் இதனை அறியாதவரல்லர். ரோமன் போலன்ஸ்கியின் ‘சைனாடவுன்’ (1974), வறட்சியுற்ற லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஞாயிற்றின் ஒளியில், நீரைக் களவாடுவோர் பற்றிய கதை. புதுக் கருமையின் முதல்வரிசைப் படமாக எல்லோரும் கொள்ளும் அது பாலைப் பொழுதிலேயே நிகழ்வது எண்ணத்தக்கது.

தமிழில் கருமையின் தோற்றத்தை 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தில் வைப்பது முறை. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவி.எம். வெளியீடு, பாடல் ஒன்றும் இல்லாதது. 1943இல் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய நிகழ்ச்சியை ஒட்டி, வானொலிப் பொறிஞன் ஒருவன் கொலையுண்டது எங்ஙனம் என்பதைப் பலர் வாயிலாக மாறி மாறிக் கூறுகின்றது. கொன்றவள் மனைவி; காரணம், அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தமை. பிரிவை மனைவி தன் கையாலேயே ஆக்கிக்கொள்கிறாள் என்பதில்தான் அப்படத்தின் உயிர் உள்ளது. புலனாய்வின் நுட்பத்தைப் போற்றுவோர் பலர் இதனைக் கருதுவதில்லை. முன்னோடியாதலின் அதனை வரிசைக்குப் புறத்தே வைத்து, இந்நூற்றாண்டுப் படங்களுக்கு வருவோம்.

பொதுவாக முதலிடம் பெறுவது தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011). தணிக்கையோடு நெடிது போராடி வெளிவந்து, அவ்வாண்டிற்கான தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநர்க்குரியதையும் படத்தொகுப்பிற்குரியதையும் பெற்றது. வடசென்னையில் ஒரே நாளில் நிகழும் கதை. முதுமையுற்ற தலைவன் சிங்கப்பெருமாள், அவனை விஞ்ச எழும் பசுபதி, சிங்கப்பெருமாள் சிறைவைத்தாற்போல வைத்திருக்கும் சுப்பு, அவளைக் காக்க நிறுத்தப்பட்ட சப்பை ஆகியோரிடையே பணமும் கொக்கேயின் பொதியும் கைமாறுகின்றன. தேவை எதுவோ அதுவே அறம் என்னும் கருத்தைத் தொடக்கத்திலேயே முன்வைத்துவிட்டுப் படம் நகர்கின்றது.

இதன் சிறப்பு யாண்டுளது? பலர் பசுபதியின் ஓட்டத்தையும் சண்டைக் காட்சியையும் கூறுவர். எமக்குக் காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியுமே படத்தின் நெஞ்சாகத் தோன்றுகின்றனர். காளையன் வாழ்ந்து கெட்டவன், குடிகாரன், சேவற்சண்டையை நம்பி நகரத்திற்கு வந்தவன். முன்னொரு காலத்து மருதமும் முல்லையும் இவ்விருவர் பேச்சில்தான் எஞ்சியிருக்கின்றன. தந்தையை உனக்குப் பிடிக்குமா என்று கேட்கப்படும்போது சிறுவன், பிடிக்காது எனினும் அவர் தன் தந்தை என்னும் கருத்துப்பட விடையிறுப்பது, ஆயிரம் குண்டுகளுக்கு ஈடான சொல். அன்பு வற்றிய பின்னும் உறவு வற்றாமல் நிற்கும் நிலை அது. பொதியைத் திருப்பித் தந்து தந்தையை மீட்கும் பேரத்தில் அச்சிறுவன் காட்டும் திறம் நம்மை மகிழ்விக்கின்றது. ஒரு குழந்தை இத்துணைத் தேர்ச்சி பெற்றுவிட்டானே என்று அஞ்சவும் செய்கின்றது.

சுப்புவின் முடிவும் கருதற்பாலது. சிங்கப்பெருமாளைச் சப்பை கொல்கிறான். சப்பையைச் சுப்பு கொல்கிறாள். பணத்தோடு தனித்து வெளியேறுகிறாள். பழைய கருமைப் படங்களின் வஞ்சமகள் ஈற்றில் தண்டனை பெறுவாள். இவளோ விடுதலை பெறுகிறாள். இது துணிவு. ஆயினும் நம் அளவுகோலால் நோக்கின் ஒரு குறை தென்படுகின்றது. சுப்பு எதனையும் பிரியவில்லை. சப்பையிடம் அவள் கொண்டது காதல் அன்று என அறிந்த நொடியில், அதுவரை நாம் பிரிவென்று அஞ்சியது வெறும் சூழ்ச்சியாகிவிடுகின்றது. அறிவு வியக்கின்றது, நெஞ்சு விலகிவிடுகின்றது. காளையன் குடும்பம் நீங்கலாக, இக் காடு தொடக்கத்திலேயே வறண்ட காடு. அது பசுமையாக இருந்த நாளைப் படம் காட்டவில்லை. ஆதலின் இதற்கு இரண்டாம் இடமே தருதல் வேண்டும்.

முதலிடம் சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ (2008) படத்திற்கு உரியது. இதனைக் கருமைப் படம் எனக் கொள்ளாது ‘மதுரைப் படம்’ என்று தனித்தொகுதியில் ஒதுக்கிவிடுவார் உளர். தென்மாவட்டத்தார் தம் பக்கத்து ஊரை உயர்த்துகின்றனர் என எம்மை நகைப்பாரும் இருக்கலாம். சான்றுகளை நோக்குக. படம் 1980ஆம் ஆண்டு மதுரையை முதற்பாதியில் முல்லையாகவே காட்டுகின்றது: வேலையில்லா நண்பர்கள், தெருமுனைச் சிரிப்பு, திருவிழா, அழகரும் துளசியும் பேசாது பரிமாறும் பார்வை. பின்னர்ப் பதவி இழந்த ஓர் அரசியல் குடும்பம் அவ்விளைஞர்களைத் தன் பகைக்குக் கருவியாக்கிச் சிறையில் கைவிடுகின்றது. அங்கிருந்து நிலம் படிப்படியாக வற்றுகின்றது. எக் காட்சியில் பாலை தொடங்கிற்று எனச் சுட்ட இயலாதபடி வற்றுகின்றது. அதுவே இயக்குநரின் திறம். மேலும் எஸ். ஆர். கதிரின் ஒளிப்பதிவு இருளைத் தேடி ஓடவில்லை. நாம் அறிந்த மதுரைத் தெருவின் பகல் வெளிச்சமே அச்சந் தருகின்றது.

உரிப்பொருளோ முழுவதும் பிரிவு. அழகரைப் பகைவர் கையில் அகப்படுத்துபவள் துளசியே. அவள் சுப்புவைப் போன்றவள் அல்லள். குடும்பத்தின் பிடியில் அழுதுகொண்டே காட்டிக்கொடுக்கிறாள். காதலியும் வஞ்சமகளும் ஒருத்தியே ஆகி, இரண்டும் மெய்யாக நிற்றல் உலகக் கருமைப் படங்களிலும் மிக அரிது. பரமனைக் காட்டிக்கொடுப்பவனோ அவனோடு உண்டு உறங்கிய காசி. அவன் பெற்றது பணம். காதலால் ஒரு பிரிவு, நட்பால் ஒரு பிரிவு. இருபத்தெட்டு ஆண்டுச் சிறைக்குப் பின் வெளிவரும் ஒருவன் குத்தப்படுவதில் படம் தொடங்குகின்றது. அவன் யார் என்பது இறுதியில்தான் விளங்குகின்றது. முடிச்சு அவிழும்போது நாம் வியப்பதில்லை, வருந்துகிறோம். மதுரையில் உசாவலின்றி ஒருவன் கொலையுண்ட கதையைக் காப்பியமாகக் கொண்ட மொழியில் இப்படம் தோன்றியது தற்செயலன்று என்றே எண்ணத் தோன்றுகின்றது.

மூன்றாவதாக மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013). இஃது இரவுப் படம். ஆதலின் நம் பொழுதுக்கு மாறுபட்டது. எனினும் இதனை விலக்க ஒண்ணாது. குண்டடிபட்டுத் தெருவில் கிடப்பவனை ஒரு மருத்துவ மாணவன் தன் வீட்டிற்குக் கொண்டுசென்று அறுவை செய்து காக்கிறான். காக்கப்பட்டவன் காவலரும் கொலைஞரும் ஒருங்கே தேடும் கொலையாளி. அவனோ, தன்னால் தவறாகக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் பார்வையற்ற குடும்பத்தைக் காக்க ஓடுகிறான். நிழலின்றி வாடும் பெண்மானுக்கு ஆண்மான் தன் உடல் நிழலையே நிழலாகத் தருவதைக் கலித்தொகைப் பாலை பாடுகின்றது. செந்நாயும் அத்திணையின் விலங்கே. நிழல் தரும் செந்நாய் என்று இப்படத்தின் தலைமகனைக் கூறலாம். பாடல்கள் இல்லை, இளையராசாவின் இசையைப் பின்னணி என்னாது ‘முன்னணி இசை’ எனப் படமே குறித்தது. கல்லறையில் அவன் தன் கதையை விலங்குக் கதையாகச் சொல்லும் ஒற்றைக் காட்சி, தமிழ்த் திரையில் தனிமொழிக்கு ஒரு தலைசிறந்த எடுத்துக்காட்டு. முதலிடம் தாராமைக்குக் காரணம் ஒன்றே: இக்கொலையாளி எவ்வாறு கொலையாளி ஆனான் என்பது சொல்லப்படுகின்றது, காட்டப்படவில்லை. அவனது முல்லை நமக்குத் தெரியாது.

அதே இயக்குநரின் ‘யுத்தம் செய்’ (2011) நான்காவது. பொதுவிடங்களில் பெட்டிகளில் வைக்கப்பட்ட வெட்டுண்ட கைகளைத் துப்பறியும் அலுவலன், தன் காணாமற்போன தங்கையையும் தேடுபவன். மகளுக்கு நேர்ந்த கொடுமைக்காகச் சட்டத்தைக் கடந்து செல்லும் பெற்றோரின் சினம் மெய்யானது. கொடியோரைப் பற்றிய பகுதி மிகையாக விரிந்து அச்சினத்தை மழுக்குகின்றது.

புஷ்கர்–காயத்ரி இயக்கிய ‘விக்ரம் வேதா’ (2017) விக்கிரமாதித்தன் வேதாளக் கதையைச் சட்டமாகக் கொண்டது. குற்றவாளி கதை சொல்லிக் காவலனை வினவும் அமைப்பு நம் மரபினது, நன்கு பொருந்துகின்றது. ஆனால் எது நன்று எது தீது என்னும் வினாவை வளர்த்துவந்து, காவலர் கையூட்டுப் பெற்றனர் என்னும் செய்தியால் அதற்கு விடை கூறிவிட்டது பெருங்குறை. அறச்சிக்கல் ஊழல் வழக்காகச் சுருங்கிவிடுகின்றது.

கார்த்திக் நரேனின் ‘துருவங்கள் பதினாறு’ (2016) இறுதியில் நிற்பது. ஓய்வுபெற்ற காவல் அலுவலர் ஓர் இளைஞனுக்குப் பழைய வழக்கைக் கூறுவதாக அமைந்தது. பிணைப்பில் இவ்வரிசையிலுள்ள எப்படத்திற்கும் இளைத்ததன்று. இருபது வயதை ஒட்டிய இளைஞரின் முதற்படம் என்பதை எண்ணினால் வியப்பு மிகும். ஆயினும் இரண்டாம் முறை காணும்போது நாம் தேடுவது தடயங்களையேயன்றி மனிதரை அன்று. விடுகதைக்கும் பாலைப் பாட்டிற்கும் உள்ள வேறுபாடு அது.

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) இங்குச் சேராதது ஏன் எனச் சிலர் கேட்கக்கூடும். அதில் கடற்கரைக் குப்பம் ஒன்று, நிலம் பறிபோகும் அச்சத்தோடு, முழுமையாகக் காட்டப்படுகின்றது. நெய்தல் பாலையாதல் தொல்லாசிரியர் கூறாத திரிபு. அதற்கு இலக்கணம் காணப் புகின் வேறொரு கட்டுரை வேண்டும்.