திரைப்பட விருதுகளும் வரலாற்று உண்மையும்

கலைஞர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அவர் பெற்ற விருதுகளை நிரல்படுத்திக் கூறுதல் வழக்கம். ஒரு நூல் ஓர் ஆண்டைக் கூற, மற்றொரு நூல் வேறோர் ஆண்டைக் கூறும். ஒன்று பரிசு என்பதை மற்றொன்று பாராட்டு என்னும். இவ்வாறு நூல்கள் தம்முள் முரணுமிடத்து உண்மையைத் துணிவது எங்ஙனம்? எத்தனை நூல்கள் எதனைக் கூறுகின்றன என எண்ணிப் பார்ப்பதே பெரும்பாலார் கைக்கொள்ளும் வழி. அவ்வழி பிழையுடையது என்பதும், விருதின் வரலாற்றையே முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த முறையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஓர் ஏட்டைப் பார்த்துப் பத்து ஏடுகள் எழுதப்பட்டிருப்பின், அவை யாவும் ஒரு சான்றேயன்றிப் பத்துச் சான்றாகா. திரைக்கலைஞர் வரலாறுகளிலும் முன்னவர் எழுதியதைப் பின்னவர் பெயர்த்தெழுதுவதே மிகுதி. ஆதலின் எண்ணிக்கை சான்றாகாது. அதற்கு மாறாக நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு.

முதலாவது, அப்பெயருடைய விருது அவ்வாண்டில் இருந்ததா என்பது. சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘நீச்சா நகர்’ என்னும் இந்திப் படம் 1946 இல் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவிலே ‘தங்கப் பனை’ விருது பெற்றதென எழுதுவோர் பலர். தங்கப் பனை விருதோ 1955 ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் வழங்கப்பட்டது. 1946 இல் அப்படம் பெற்றது ‘கிராண்ட் பிரி’ எனப்படும் பெரும் பரிசு. அதுவும் 11 படங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இதனால் அப்படத்தின் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. டேவிட் லீன், ரொபேட்டோ ரொசெலினி, பில்லி வைல்டர் ஆகியோர் படங்களுடன் ஒருங்கு வைத்து மதிக்கப்பட்டமையே அதன் பெருமை. பிற்காலப் பெயரை ஏற்றிக் கூறுவோர் இவ்வரிய செய்தியை மறைத்துவிடுகின்றனர்.

இரண்டாவது, விருது யாருக்குரியது என்பது. இந்திய அரசின் திரைப்பட விருதுகள் 1953 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்பட்டு வருகின்றன. ஆயின் சிறந்த நடிகருக்கான விருது 1967 ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதல் அளிக்கப்பட்டது. அதனைப் பெற்றவர் வங்காள நடிகர் உத்தம் குமார். அதற்கு முந்திய படமொன்றுக்காக ஒரு நடிகர் அவ்விருதைப் பெற்றாரென ஒரு நூல் கூறுமாயின், படத்துக்குக் கிடைத்த சிறப்பு நடிகர்மேல் ஏற்றப்பட்டதோ என ஐயுறல் வேண்டும்.

மூன்றாவது, கூறப்படும் ஆண்டு எதன் ஆண்டு என்பது. ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம். ஜி. ஆர். பெற்ற சிறந்த நடிகர் விருது 1971 ஆம் ஆண்டுக்குரியது. வழங்கப்பட்டது 1972 இல். சிவாஜி கணேசன் பெற்ற தாதாசாகேப் பால்கே விருதும் 1996 ஆம் ஆண்டுக்குரியதாய் 1997 இல் வழங்கப்பட்டதே. இத்தகைய இடங்களில் இரு நூல்களும் மெய்யே கூறியிருக்கலாம், முரண் தோற்றமாத்திரையே. இதனை உணராது ஒன்றைப் பொய்யென விலக்குதல் அவசரத் துணிபாகும்.

நான்காவது, தெரிவு வேறு, பரிசு வேறு என்பது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘ரேகாவ’ 1957 இல் கான் விழாவின் போட்டிப் பிரிவிலே காட்டப்பட்டது. அவ்வாண்டு தங்கப் பனை பெற்றது வில்லியம் வைலரின் அமெரிக்கப் படம். ஆனால் அதே பீரிஸின் ‘கம்பெரலிய’ 1965 இல் புதுடில்லி அனைத்துலகத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதை வென்றது. போட்டியிற் பங்குபற்றியதைப் பரிசெனத் திரித்தால், மெய்யாகவே பெற்ற பரிசின் மதிப்புக் குன்றுமன்றோ? தென்னிந்தியப் படங்களின் வார்ப்பை விட்டு, கலையகத்துக்கு வெளியே நம் நாட்டுக் கிராமத்தைப் படமாக்கியமையே ‘ரேகாவ’வின் சிறப்பு. அதற்குப் பொய்ப் பதக்கம் வேண்டுவதில்லை.

இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, விருதளித்த நிறுவனத்தின் அவ்வாண்டுப் பதிவையும், அக்காலத்துப் பத்திரிகைச் செய்தியையும் முதலிற் காணல் வேண்டும். கலைஞரின் நினைவுக் குறிப்பும் பிறர் எழுதிய வரலாறும் அவற்றுக்குப் பிற்பட்டன. நினைவு பொய் கூறும் நோக்கமின்றியே பிறழக் கூடும். இத்தனை தேடியும் முரண் தீராதாயின், எல்லாரும் உடன்படும் பகுதியை மட்டும் எழுதி, எஞ்சியதை இன்னார் கூற்றென அவரவர் பெயராற் சுட்டுதலே நேர்மை.

திரைப்படச் செய்திக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். ஒருவருக்கு இல்லாத விருதைச் சூட்டும்போது, அதனை உண்மையிற் பெற்ற வேறொருவரை நாம் வரலாற்றினின்றும் நீக்கிவிடுகிறோம். அன்பினால் இழைக்கப்படினும் அநீதி அநீதியே. மாணவர் இன்று தாம் எழுதும் சிறு கட்டுரையிலேனும் இம்முறையைக் கைக்கொள்வராயின், நாளை அவற்றை மூலமாகக் கொள்வோர் வழி தவறார்.