ராஜராஜனா, ரவா லட்டா?

வாசகர் ஒருவர் மெயிலில் ஒரு படம் அனுப்பி, 'சார், இது ராஜராஜன் காசுதானே?' என்று கேட்டிருந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். நடுவில் வெள்ளையாக ஃப்ளாஷ் அடித்த பொட்டு. சுற்றியிருந்த பூப்போட்ட பெட்ஷீட் மட்டும் நூல் நூலாகத் தெளிவாக விழுந்திருந்தது. ராஜராஜன் என்றும் சொல்லலாம், ரவா லட்டு என்றும் சொல்லலாம்.

அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சமீபத்தில் வாங்கிய நாணயப் புத்தகம் ஒன்றில் படங்கள் இதைவிட மோசம். பெயர் வேண்டாம், எழுதியவர் நல்ல உழைப்பாளி. 'எழுத்து தெளிவாகத் தெரிகிறது' என்கிறார். பக்கத்திலேயே படம் போட்டிருக்கிறார்கள். கரிக்கட்டை. அவர் படித்ததை நாம் நம்பவேண்டியதுதான், வேறு வழியில்லை. கவிதைப் புத்தகத்தில் படம் சுமாராக இருந்தால் பரவாயில்லை. நாணயப் புத்தகத்தில் படம்தான் சாட்சி. காசு லாக்கருக்குப் போய்விடும், கைமாறிவிடும், சில சமயம் உருக்கப்பட்டும்விடும். அப்புறம் மிஞ்சுவது போட்டோதான்.

இந்தக் கஷ்டம் பழையது. உலோகம் பளபளக்கும், திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய காட்டலாக்குகளுக்கு அதனால் காசையே படம் பிடிக்கவில்லை. காசிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, அந்த வெள்ளை வார்ப்பைப் படம் பிடித்தார்கள். நிறம் போயிற்று, ஆனால் ஒரு மேடு பள்ளம் விடாமல் தெரிந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தகடுகளை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. இன்றைய பளபள ஆர்ட் பேப்பர் கலர்ப் படங்கள் பலவற்றில் முடிவதில்லை. காரணம் கேமரா இல்லை, விளக்கு.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலை, அதோடு தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்று பெயர். தமிழ் பிராமியில் 'ம'வுக்கும் 'மா'வுக்கும் வித்தியாசம் வலப்பக்கம் நீட்டிய ஒரு சின்னப் படுக்கைக் கோடு. விளக்கை இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்துப் படம் எடுத்தால், வெளிச்சம் அந்தக் கோட்டின் நீளவாக்கிலேயே ஓடும். நிழல் விழாது, கோடு காணாமல் போகும். தேய்ந்த காசில் 'மா' சுலபமாக 'ம' ஆகிவிடும். விளக்கை மேலே நகர்த்தினால் கோடு திரும்பி வரும். ஒரு மேஜை விளக்கின் இடத்தைப் பொறுத்து ராஜாவின் பெயர் மாறலாம் என்றால், விளக்கை எங்கே வைத்தார்கள் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதவேண்டாமா? நான் பார்த்தவரை எழுதுவதில்லை.

விளக்கைக் கீழே வைக்கிறவர்களும் உண்டு. வெளிச்சம் மேலிருந்து வரும் என்று சூரியன் நம் மூளையைப் பழக்கிவைத்திருப்பதால், மேடெல்லாம் பள்ளமாகி ராஜாவின் மூக்கு குழியாகிவிடும். அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், மூக்கு திரும்ப முளைக்கும்.

இதற்கெல்லாம் ஸ்டுடியோ வேண்டாம். இரண்டு அடுக்குப் புத்தகங்கள் (டெலிபோன் டைரக்டரி இருந்தால் விசேஷம், இப்போது அதுவே கலெக்டர்கள் சமாசாரம்). அவற்றின் மேல் பாலம் மாதிரி செல்போன். லென்ஸ் நடுவில், கீழே பார்த்தபடி. அடியில் கறுப்புத் துணி, அதன்மேல் ஒரு சோடா மூடி, மூடியின்மேல் காசு. உயர்த்தி வைத்தால் துணியின் இழைகள் மங்கிப்போகும், காசு மட்டும் நிற்கும். ரொம்பக் கிட்டே போகாதீர்கள், போனின் நிழலே காசின்மேல் விழும். ஒரு சாண் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். ஒரே ஒரு மேஜை விளக்கு, சாய்வாக, தாழ்வாக. எதிர்ப்பக்கம் மடித்த வெள்ளைக் காகிதம், நிழலைக் கொஞ்சம் தணிக்க. ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் செம்பு பச்சையாகத் தெரியும். பட்டனை அமுக்கும்போது போன் ஆடாமலிருக்க டைமர். செலவு, சோடா தவிர, பூஜ்யம்.

புத்தம்புதிதாகக் கண்ணாடிபோல் மின்னும் நாணயங்களுக்கு மட்டும் வேறு வித்தை. போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியைக் காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே 45 டிகிரி சாய்த்து, பக்கவாட்டில் விளக்கு போட்டால் வெளிச்சம் நேர் கீழே இறங்கும். படம் ஜோராக வரும். தேய்ந்த சோழன் காசுக்கு இது வேஸ்ட், தட்டையாக்கிவிடும்.

2001இல் ஹெச்.பி. ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் இதன் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். கேமராவும் பொருளும் அசையாமல் இருக்க, விளக்கை மட்டும் பல திசைகளில் மாற்றிப் படங்கள் எடுத்து ஒன்றாக்கினார்கள். கம்ப்யூட்டர் திரையில் மவுஸை நகர்த்தினால் வெளிச்சம் நகரும், எழுத்து எழுந்து வரும். மியூசியங்கள் இன்று பயன்படுத்துகின்றன. ஏழைக்கு டார்ச் லைட். காசைச் சுற்றிக் கடிகாரம் மாதிரி பன்னிரண்டு இடத்தில் டார்ச்சைப் பிடித்துப் பன்னிரண்டு படம். எந்த ஒற்றைப் படத்தையும் நம்பாமல் பன்னிரண்டையும் பாருங்கள்.

இன்றைய செல்போன்களிடம் ஒரு ஜாக்கிரதை. மங்கலான இடத்தை 'திருத்திக்' கொடுக்கிற புத்திசாலித்தனம் அவற்றுக்கு உண்டு. கல்யாண ஆல்பத்துக்கு நல்லது. தேய்ந்த எழுத்துக்கு இல்லாத விளிம்பைப் போட்டுக் கொடுத்துவிடும். விற்பவர்கள் படங்களில் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்த செம்பு தகதகக்கும். படத்துக்கு அழகு. பல நூற்றாண்டாக ஏறிய பழுப்புப் படலம் ஐந்து நிமிஷத்தில் போய்விடும், கூடவே அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கால் எழுத்தும்.

இதையெல்லாம் அந்த வாசகருக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் பன்னிரண்டு படங்கள் வந்தன, வரிசை எண் போட்டு. மூன்றாவதில் உட்கார்ந்த உருவத்தின் முழங்கால் தெரிந்தது. ஏழாவதில், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ'. ராஜராஜன் காசில் அந்த இடத்தில்தான் இருக்கவேண்டும். அதற்குக் கீழே 'ராஜ' வரவேண்டும், பன்னிரண்டிலும் வழவழவென்று இருக்கிறது. கடிதத்தின் கடைசியில், 'முதல் படம் எடுப்பதற்கு முன்னால் புளி போட்டு விளக்கினேன் சார், தப்பா?' என்று கேட்டிருக்கிறார்.

தேய்ந்ததா, தேய்த்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.