மோதிரமும் உடன்படிக்கையும்: ‘ஹார்லாக் சாகா’ குறித்து

ஜப்பானியச் சித்திரக் கலைஞர் லெய்ஜி மாட்சுமோட்டோ (1938–2023) படைத்த பாத்திரங்களுள் கப்பித்தான் ஹார்லாக் என்னும் விண்வெளிக் கொள்ளைக்காரனே பெரும் புகழ் பெற்றவன். வசதியில் மூழ்கிச் சோம்பிக் கிடக்கும் பூமியின் ஆட்சிக்கு அடங்க மறுத்து, மண்டையோட்டுக் கொடியின் கீழ் தன் தோழரோடு விண்ணில் உலவுபவன் அவன். 1978-இல் இவன் கதை 42 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராயிற்று. நாம் இங்கு ஆராய முற்படுவது அதனையன்று. 1999-இல் வீடியோ வடிவில் வெளிவந்த ‘ஹார்லாக் சாகா’ என்னும் ஆறு பகுதிச் சிறு தொடரையே. ரிச்சர்டு வாக்னரின் ‘நிபெலுங்கின் மோதிரம்’ என்னும் நான்கு இசை நாடகங்களுள் முதலாவதாகிய ‘ரைன் பொன்’ இதன் மூலமாகும்.

கொள்ளைக்காரர் கதையில் இறையியல் மாணவருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். தெய்வங்களின் வீழ்ச்சியைக் கருப்பொருளாகக் கொண்ட கதை எங்கிருந்து வரினும், அது எத்தகைய தெய்வத்தை வீழ்த்துகிறது என்று கேட்பது நம் கடமையேயாகும்.

மூலக்கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். ரைன் நதியின் அடியிலுள்ள பொன்னை, அன்பை முற்றிலும் துறப்பவன் மட்டுமே உலகை ஆளும் மோதிரமாக்க முடியும். ஆல்பெரிக் அன்பைச் சபித்துவிட்டு அதனைக் கவர்கிறான். மேலே, தேவர்களின் தலைவன் வோட்டான் வல்ஹல்லா கோட்டையைக் கட்டிய அரக்கர்களாகிய ஃபாஸோல்ட், ஃபாஃப்னர் இருவருக்கும் ஃப்ரையா என்னும் தேவியைக் கூலியாக வாக்களித்திருக்கிறான். கொடுக்கும் எண்ணமோ அவனுக்கு இல்லை. வாக்கைக் காப்பாற்றாமலும், மீறியவனாகத் தோன்றாமலும் இருப்பதற்காக ஆல்பெரிக்கின் பொன்னைத் தந்திரமாய்ப் பறிக்கிறான். திருடனிடமிருந்து தேவன் திருடுகிறான். இத்தனைக்கும் அவனுடைய ஆட்சி முழுவதும், அவன் ஈட்டியில் பொறிக்கப்பட்ட ஒப்பந்தங்களின்மேல்தான் நிற்கிறது!

1869-இல் மியூனிக்கில் ‘ரைன் பொன்’ முதன்முறை அரங்கேறியது. நான்கும் சேர்ந்து 1876-இல் பைராய்ட் நகரில் நிகழ்த்தப்பட்டன. வாக்னர் இளமையில் லுட்விக் ஃபாயர்பாக்கின் சிந்தனையில் ஊறியவர். 1850-இல் தம் நூலொன்றை அவருக்கே காணிக்கையாக்கினார். தேவர்கள் மனிதனின் சொந்த இயல்பின் நிழல்களே, அவர்கள் மறைந்தாலன்றி மனிதர் ஒருவரையொருவர் நேசிக்கக் கல்லார் என்ற கருத்து அந்நாடகங்களின் அடியில் ஓடுகிறது. பிற்காலத்தில் ஷோப்பென்ஹவரின் துறவு நோக்கும் அதனோடு கலந்தது.

மாட்சுமோட்டோவின் தொடர் ரைனை ஒரு கோளாகவும், பொன்னை அண்டத்தின் ஆற்றலாகவும் மாற்றுகிறது. அதில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது மீமே என்னும் பாத்திரமே. வாக்னரிடம் மீமே ஆல்பெரிக்கின் தம்பி. கூனிக்குறுகிப் புலம்பும் கொல்லன். நகைப்புக்கும் வெறுப்புக்கும் உரியவன். 1850-இல் யூதரை இகழ்ந்து கட்டுரை எழுதிய அதே கை இப்பாத்திரத்தையும் தீட்டியது என்பதை அடோர்னோ உள்ளிட்ட பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். ஜப்பானியத் தொடரிலோ மீமே ஆல்பெரிக்கின் தங்கை. ஹார்லாக்கின் கப்பலில் அவனுடைய நம்பிக்கைக்குரிய தோழி. மோதிரத்தை வார்க்கும் திறன் அவளிடம் இருப்பதால் ஆல்பெரிக் அவளை நாடுகிறான். இகழப்பட்ட இனத்தின் கடைசி மகளைக் கொள்ளைக்காரர் தம் பந்தியில் அமர்த்தியிருக்கின்றனர். மாட்சுமோட்டோ இதனை எண்ணியே செய்தாரோ என்று நாம் ஆராய வேண்டியதில்லை, செய்தது நன்று.

ஆயின் தொடரின் பெருங்குறையும் அதன் நாயகனிடமிருந்தே தோன்றுகிறது. ஹார்லாக் எவருக்கும் கடன்படாதவன். அவன் ஒப்பந்தம் எதனையும் முறித்ததில்லை, ஏனெனில் தன் நண்பரிடத்தன்றி வேறெங்கும் அவன் வாக்குக் கொடுப்பதே இல்லை. அத்தகையவன் நடுவே வந்து நின்றவுடன், கதையின் பாரம் குற்றமுள்ள தேவனிடமிருந்து நழுவி, ஆல்பெரிக்கின் பேராசையின்மேல் விழுந்துவிடுகிறது. தீமை வெளியிலிருந்து வருகிறது. நல்லோர் அதனை எதிர்க்கின்றனர். வாக்னரின் நாடகத்தை ஆழமாக்கியது இதற்கு நேர்மாறானதன்றோ? அங்கே சிங்காசனத்தில் அமர்ந்திருப்பவனே வாக்குத் தவறியவன். அவனுடைய மேன்மையே அவனுடைய குற்றத்தினால் கட்டப்பட்டது.

வடநாட்டுப் பழங்கதைகளும் இதனை அறிந்திருந்தன. 13-ஆம் நூற்றாண்டில் எட்டாவைத் தொகுத்த ஸ்னோரி ஸ்டுர்லுசன் கிறிஸ்தவர். ஆயினும் அசுரர் கட்டிய மதில், தேவர் மீறிய ஆணை, இறுதியில் வரும் அழிவு ஆகியவற்றை அவர் மறைக்கவில்லை. வாக்கை மீறிய தேவர் அழிந்தே தீரவேண்டும் என்ற அவ்வுணர்வைப் புறச்சமய மூடத்தனம் என்று நம் போதகர் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

ஏனெனில் திருமறையும் இக்கேள்வியைத் தவிர்ப்பதில்லை. ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில் துண்டிக்கப்பட்ட பலிகளின் நடுவே கடந்துசென்றது தேவனின் அடையாளமே, ஆபிரகாமோ உறங்கிக்கிடந்தான். உடன்படிக்கையை மீறினால் வரும் சாபத்தை வாக்களித்தவரே தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். எபிரேயர் 6-ஆம் அதிகாரம் அவ்வாணையையே விசுவாசத்தின் நங்கூரமாக்குகிறது. வோட்டான் தன் ஆட்சியைக் காக்கும்பொருட்டு வாக்கை மீறினான். இவரோ வாக்கைக் காக்கும்பொருட்டுச் சிலுவை வரை சென்றார். 1944 ஜூலையில் சிறையிலிருந்து போன்ஹோஃபர் எழுதிய கடிதத்தில், தேவன் தாம் உலகினின்று சிலுவையின்மேல் தள்ளப்படுவதற்கு இடங்கொடுக்கிறார் என்று உரைத்தது இங்கே நினைவுக்கு வருகிறது. ஃபாயர்பாக் கண்ட நிழல் தெய்வம் இவ்வாறு செய்வதில்லை, செய்யவும் இயலாது. ஒப்பந்தத்தால் ஆளும் தேவனை நம் பிரசங்கங்களிலும் சில வேளைகளில் காண்கிறோம்: காணிக்கைக்கு ஈடாக நன்மை, நேர்த்திக்கு ஈடாகச் சுகம். அத்தெய்வம் எரிந்துபோவதைப் பார்த்து நாம் கலங்கவேண்டியதில்லை.

இத்தொடரில் அத்தீ மூளுவதில்லை. சித்திரக்கதை வடிவில் மாட்சுமோட்டோ வாக்னரின் அடுத்த நாடகங்களுக்கும் முன்னேறிச் சென்றார். படமோ முதற் பகுதியோடு நின்றுவிட்டது. வாக்னரின் அம்முதற் பகுதி முடியும் விதத்தை நம் வாசகர் ஒருமுறையேனும் கேட்டறிதல் தகும். தேவர்கள் வானவில் பாலத்தின்மேல் வல்ஹல்லாவை நோக்கி ஆடம்பரமாய் ஏறிச் செல்லும்போது, கீழே பள்ளத்தாக்கிலிருந்து பொன்னை இழந்த நதிக்கன்னியரின் அழுகை எழுகிறது. அதனை அடக்கும்படி வோட்டான் கட்டளையிட்டுவிட்டு மேலே நடக்கிறான்.