கொக்கரை ஒலிக்கும் இரவு

கேரளத்தின் விதுராவைச் சுற்றியுள்ள மலைக்காடுகளில் காணிக்காரர் குடிகள் இருக்கின்றன. அகத்தியமலையின் இந்தப் பக்கமும், தமிழ்நாட்டுப் பக்கம் பேச்சிப்பாறை, பாபநாசம் வரையிலும் பரவிய மக்கள் இவர்கள். ஒரு வீட்டை நோயோ மனக்கலக்கமோ பிடித்தால் இவர்களிடம் சாற்று என்னும் சடங்கு நடக்கும். சடங்கை நடத்தும் பிலாத்தி வந்து உட்கார்ந்து, ஓரம் பல்லுப்பல்லாக வெட்டிய இரும்புக் குழலை இரும்புக் கம்பியால் உரசுவார். அதுதான் கொக்கரை. அந்தக் கரகரப்பின் மேல் பாட்டு எழுந்து இரவெல்லாம் நீளும்.

மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. மனம் ஒடிந்தவரிடம் நாம் "என்ன ஆச்சு, சொல்லு" என்கிறோம். சொல்ல வராததுதானே அவருடைய அவதி! சாற்றில் அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. அவருக்காக மற்றவர்கள் உறக்கம் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளுக்கு, மருந்தில்லாமலேயே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் தணிந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறு ஆய்வுதான்; ஆனாலும் கூட ஆளிருப்பதன் பலம் அதில் இருக்கலாம் என்று எண்ண வைக்கிறது.

ஆனால் அதே கூட்டத்தில்தான் சாற்றின் குறையும் இருக்கிறது. புருஷனும் மாமியாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அடிவாங்கும் பெண் எதைச் சொல்வாள்? குற்றம் ஆவியின் தலையில் விழுந்துவிட்டால் குடிப்பழக்கத்தையும் கடனையும் பற்றி யாரும் கேட்பதில்லை. சடங்கை நம்பிக் காத்திருப்பதில் சிகிச்சைக்கான நாளும் தவறும். அவளுக்குத் தேவை தனியே பேச ஒரு மூடிய கதவு. கேரளக் குடும்ப ஆரோக்கிய மையங்களின் 'ஆஸ்வாசம்' திட்டத்தில் மனச்சோர்வைக் கேட்டறியும் செவிலியரும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணும் தருவது அதைத்தான். அவற்றாலும் விடியும்வரை பக்கத்தில் உட்கார முடியாது.

காணிகளின் வேறோர் அறிவை வெளியுலகம் மதித்ததுண்டு. 1987இல் அகத்தியமலையில் காணி வழிகாட்டிகள் களைப்புக்குத் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காயை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவில் அந்தச் செடியைக் கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உடல் களைப்பு பற்றி அவர்கள் அறிந்ததற்கு விலை வைத்தவர்கள், மனக்களைப்புக்கு அவர்கள் செய்வதையும் அதே அக்கறையோடு பார்த்திருக்கலாம்.

சாகிற பேச்சு வாயில் வந்துவிட்டால் அன்றே விதுரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று பிலாத்திக்குத் தெரிய வேண்டும். மாத்திரை கொடுத்தனுப்பும் செவிலியர், "ராத்திரி வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்காவது பழகட்டும்.