மின்வழித் தளங்களும் கற்பித்தல் திறனும்

கற்பித்தல் திறன், செய்து பார்த்துத் திருத்திக்கொள்வதால் வளர்வது. ஆசிரியர் பயிற்சிக்கான மின்வழித் தளத்தை எடைபோட இதுவே உரைகல். 2017இல் இந்திய அரசு தொடங்கிய திக்‌ஷா தளமும், 2020இல் அதன் வழியே இணையத்துக்கு வந்த நிஷ்தா ஆசிரியர் பயிற்சியும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் ஆசிரியர்களுக்கும் ஒரே தரமான பாடப்பொருள் எட்டச் செய்தன. புரியாத பகுதியை மீண்டும் பார்க்க முடிவது இவற்றின் பெரும்பலம்.

ஆனால் காணொலி பார்த்து, வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழ் பெறும் அமைப்பு நினைவாற்றலையே சோதிக்கிறது. மாணவரின் விடையைத் தொடர்ந்து மேலும் சிந்திக்கத் தூண்டும் கிளர்வினா பற்றி எழுதத் தெரிந்தவருக்கு வகுப்பில் அதைக் கேட்கத் தெரியுமா என்பது வெளிப்படுவதில்லை. பணியிலுள்ள ஆசிரியருக்குச் செய்து பார்க்க மறுநாளே வகுப்பு இருக்கிறது, பி.எட். மாணவருக்கு அதுவும் இல்லை.

இக்குறைக்கு விடை, 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான, ஒரு நேரத்தில் ஒரே திறனைச் சிறு பாடத்தில் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் உள்ளது. அதன் இந்திய வடிவம் 36 நிமிடச் சுழற்சி: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. தளத்தை இச்சுழற்சியின்மீது அமைக்கலாம். மாணவர் கைபேசியில் பதிந்த பாடத்தில், எந்த நொடியில் தவறினார் என்று பேராசிரியர் குறிக்கலாம். மறுகற்பித்தல் பதிவை முதல் பதிவோடு ஒப்பிடலாம்.

இதற்கும் விலை உண்டு. 50 பேர் கொண்ட வகுப்பில் ஒரு திறனுக்கான 6 நிமிட முதல் பதிவுகளைப் பார்க்கவே பேராசிரியருக்கு 5 மணி நேரம் ஆகும். உற்றுநோக்கல் படிவத்துடன் சக மாணவர்கள் முதலில் மதிப்பிட்டால் சுமை குறையும். பதிவுகள் சிறிய கோப்புகளாக ஏறும்படி இருந்தால் இணைய வேகம் குறைந்த இடத்திலும் பயிற்சி தடைபடாது.

இன்னொரு குறை ஆழமானது. நுண்ணிலைக் கற்பித்தலில் சக மாணவர்களே குழந்தைகளாக அமர்வதால், உண்மையான தவறான விடை எழுவதில்லை. ராஜபாளையத்து வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தையும் இருக்கலாம். அக்குழந்தை தயங்கும் இடத்தைச் சக மாணவரால் நடித்துக் காட்ட இயலாது. உள்ளூர்ப் பள்ளி வகுப்புகளின் பதிவுகளை, பெற்றோர் ஒப்புதலுடன், குழந்தைகளின் அடையாளம் காத்துச் சேர்த்து, அத்தகைய இடத்தில் நிறுத்தி, ‘அடுத்து என்ன கேட்பீர்கள்?’ என்று தளம் வினவலாம்.

அதுவும் முழு ஈடாகாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பின் இரண்டாம் ஆண்டில் வகுத்த 16 வாரப் பள்ளிப் பயிற்சியே இறுதிக் களம். அக்களத்துக்கு ஆயத்தப்படுத்தி, அங்கு எழும் சிக்கல்களை மீண்டும் பயிற்சிக்குக் கொண்டுவரும் தளமே பயனுடையது. அதன் வெற்றியை வழங்கிய சான்றிதழ்களால் அளக்காமல், முதல் கற்பித்தலுக்கும் மறுகற்பித்தலுக்கும் இடையே தெரியும் முன்னேற்றத்தால் அளக்க வேண்டும்.